கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

கொழும்பு நகரம் ஈன்ற அறிஞருள் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களை நாம் என்றும் நினைத்தற்குரியோம். சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கில மாதரசியாகிய எலிசபெத் அம்மையாருக்கும் மைந்தராய் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆந் திகதி இந்நகரிற் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையாரை இழந்து, அன்னையாரின் நாட்டில் வளர்ந்தார்.

இலண்டனிற் பூகர்ப்ப சாஸ்திரம் பயின்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுக்குத் தலைமை தாங்கினார். கல்லும் மண்ணும் ஆராய ஊரூராய்ச் சென்றவரின் உள்ளத்தை அங்கே அருகிவந்த கைவினைகள் கவர்ந்தன. இடைக்காலச் சிங்களக் கலைபற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது. பின்னர் வட இந்தியாவிற் சுற்றி, அக்காலத்தில் அதிகம் மதிக்கப்படாத இராசபுத்திர ஓவியங்களைத் தேடித் திரட்டினார்; அவற்றின் பெருமையை 1916இல் நூலாக்கி உலகறியச் செய்தார்.

காசியில் தேசிய நூதனசாலை ஒன்று நிறுவப்படின் அத்தொகுதியை அதற்கே அளிக்க முன்வந்தார். அவ்வெண்ணம் கைகூடவில்லை. 1917இல் ஓவியங்கள் அமெரிக்காவிலுள்ள பொஸ்தன் நூதனசாலையை அடைந்தன. அவரும் அங்கே இந்தியக் கலைப்பகுதியின் காவலராய் அமர்ந்து, முப்பதாண்டு அருந்தொண்டாற்றி, 1947 செப்டெம்பர் 9ஆந் திகதி அந்நாட்டிலேயே இறைவனடி சேர்ந்தார்.

நம் வீட்டுப் பரணிற் கிடக்கும் பழைய ஏட்டையும் குத்துவிளக்கையும் நிறுத்து விற்கப் புகுமுன், நம் மாணவர் இப்பெரியாரை ஒருகணம் நினைப்பாராக.