பால் எர்லிக்

இரைப்பு நோயால் இரவெல்லாம் உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுவோரை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். அந்நோயிற் பெரும்பங்கு கொள்ளும் இருவகை உயிரணுக்களைச் சாயமேற்றிப் பிரித்தறிந்து பெயரிட்டவர் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய வைத்தியர். ஸால்வர்ஸான் மருந்தை அளித்தவர் என்றே உலகம் இவரை அறியும். நாம் ஈண்டுக் கூறப்புகுவது அவரது இளமைக்காலச் செயலை.

இவர் 1854-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் தேதி சைலீஷியாவிலுள்ள ஸ்ட்ரேலன் என்னும் ஊரில் யூதர் குடும்பமொன்றிற் பிறந்தார். தாய்வழி உறவினரான கார்ல் வைகர்ட் உடற்கூறுகளுக்குச் சாயமேற்றும் வித்தையில் வல்லவர். அந்தப் பித்து எர்லிக்கையும் பற்றிக்கொண்டது. துணிகளுக்கென நிலக்கரித் தாரிலிருந்து வடித்த புதுச் சாயங்களை இவர் உடலணுக்களுக்கு ஊட்டினார். மாணாக்கராயிருந்த நாளில் இவரது மேசை முழுவதும் வண்ணக்கறையாகவே இருந்ததாம்.

1878-இல் லைப்சிக் சர்வகலாசாலைக்கு எழுதிய பட்ட ஆராய்ச்சியுரையில், சாயத்தை ஈர்த்து அதன் நிறத்தையே மாற்றும் மணிகள் செறிந்த ஓர் அணுவை விவரித்தார். அது மிக உண்டு கொழுத்ததென்று கருதி, கொழுக்க ஊட்டுதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லால் மாஸ்ட் அணு எனப் பெயரிட்டார். (இப்பெயரை முதலிற் கேட்டபோது நாம் பாய்மரத்தை நினைத்தோம்!) மறு ஆண்டில் இயோசின் என்னும் செஞ்சாயத்தை விரும்பியேற்கும் வெள்ளணுவையும் வேறு பிரித்தார். அப்போது வயது இருபத்தைந்தே.

பின்னர் க்ஷயம் இவரது நுரையீரலையே தாக்க, எகிப்து சென்று உடல் தேறித் திரும்பினார். 1908-இல் நோபெல் பரிசு பெற்றார். 1915 ஆகஸ்டு 20-இல் காலமானார்.

மாஸ்ட் அணுவிலுள்ள மணிகள் உணவல்ல என்பதை இவர் அறிந்திலர். ஹிஸ்டமின் என்னும் பொருள் மூச்சுக்குழாய்த் தசையை இறுக்குமென்று இங்கிலாந்தில் டேலும் லெய்ட்லாவும் 1910-இல் காட்டினர். அப்பொருள் மாஸ்ட் அணுவிலேயே சேமித்திருப்பதை 1953-இல் ரைலியும் வெஸ்டும் நிறுவினர். ஒவ்வாத தூசியோ மகரந்தமோ பட்டவுடன் மணிகள் வெடித்துச் சிதற, தசை சுருங்கி வழி குறுகுகிறது. இயோசின் அணுக்கள் சில மணி நேரங்கழித்துத் திரண்டு வந்து குழாயின் உட்புறத்தைப் புண்படுத்துகின்றன.

ஆயினும் இயோசின் அணுக்கள் மலிந்தும் இருமலோடு நின்று, இரைப்புறாதாரும் உளர். இஃதென்னை? 2002-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகர ஆராய்ச்சியாளர் இருசாராரின் மூச்சுக்குழாய்த் துணுக்குகளையும் ஒப்பிட்டனர். இரைப்பு நோயாளரிடம் மட்டும் மாஸ்ட் அணுக்கள் தசைக்கட்டினுள்ளேயே மிகுதியாகப் புகுந்து தங்கியிருந்தன.