காரியம், காரணம், கர்மா.. மூன்றுக்கும் ஒரே வேர்! யார் இந்த பாணினி?

காரியம், காரணம், கர்மா, கர்த்தா.. நாம தினமும் கேட்கிற இந்தச் சொற்கள் எல்லாமே ‘க்ரு’ என்ற ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவை. பொருள்: செய். இப்படி சுமார் 2,000 வினை வேர்களைக் கொண்ட பட்டியல்தான் ‘தாதுபாடம்’. அதைப் பயன்படுத்தி இலக்கணம் எழுதியவர் பாணினி.

யார் இவர்?
ஊர் சலாதுரா. இன்றைய பாகிஸ்தானில், சிந்து நதிக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா பெயர் தாக்ஷி என்கிறது மரபு. காலம் ஏறக்குறைய கி.மு. 5 அல்லது 4-ம் நூற்றாண்டு.

என்ன செய்தார்?
சுமார் 4,000 சூத்திரங்களில் ‘அஷ்டாத்யாயி’ எழுதினார். வேர்கள் மொத்தம் 10 வகை. வேரை எடுத்து, விதிப்படி விகுதியைச் சேர்த்தால் சொல் ரெடி! பட்டியலின் முதல் வேர் ‘பூ’. மலர் இல்லைங்க, ‘ஆகு, இரு’ என்று பொருள். பூமி, பூதம் இரண்டும் இதிலிருந்து வந்தவைதான்.

ஆனா ஒரு ட்விஸ்ட்!
வேர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருள் குறிப்புகளை பாணினி எழுதவில்லை, பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள் என்பது பல அறிஞர்களின் கருத்து. அதனால், ஒரு வேரின் பொருளை அந்தக் குறிப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நூல்களில் அது எப்படி வருகிறது என்றும் பார்க்கணும்.

முடிவு எப்படி?
சிங்கம் அடித்து இறந்தார் என்கிறது பழங்கதை. 7-ம் நூற்றாண்டில் சலாதுரா வந்த சீனப் பயணி யுவான் சுவாங், அங்கே பாணினிக்குச் சிலை இருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்.