கணித மேதை ஆய்லர்

கணிதம் கற்பவர் பலர். கற்ற கணிதத்தை வளர்ப்பவர் சிலர். தாம் வளர்த்த கணிதத்தைத் தொடக்க நிலையில் உள்ளவரும் உணருமாறு எடுத்துரைப்பவர் மிகச் சிலரே. அம்மிகச் சிலருள் ஒருவர் லியோனார்டு ஆய்லர்.

இவர் சுவிட்சர்லாந்து நாட்டின் பாசெல் நகரில், 1707ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 15ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பால் ஆய்லர் கிறித்தவ சமய குரு. எனினும் கணிதமும் பயின்றவர். அவரே மைந்தருக்கு முதல் ஆசிரியராக அமைந்தார். ஆய்லர் பயின்ற பள்ளியில் அக்காலத்தில் கணிதம் கற்பிக்கப்படவில்லை. அதனால் அவர் தளர்ந்துவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டில் ருடால்பு என்பவர் இயற்றிய கடினமான இயற்கணித நூலை எடுத்து, அதிலுள்ள கணக்குகளைத் தாமே செய்து பழகினார்.

1720ஆம் ஆண்டில், தம் 13ஆம் வயதில், ஆய்லர் பாசெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பேராசிரியராக விளங்கிய யோகான் பெர்னூலி புகழ் வாய்ந்த கணித அறிஞர். அவரிடம் தனியே பாடம் கேட்க ஆய்லர் விரும்பினார். பெர்னூலிக்கோ அதற்கு ஓய்வு இல்லை. கடினமான நூல்களைத் தாமே படிக்குமாறும், விளங்காத பகுதிகளைச் சனிக்கிழமை பிற்பகலில் வந்து கேட்குமாறும் அவர் பணித்தார். ஆய்லர் வாரம் முழுவதும் முயன்று, தம் ஐயங்களைத் தாமே தீர்க்கப் பார்ப்பார். எஞ்சியவற்றை மட்டுமே ஆசிரியர்முன் வைப்பார். ஓர் ஐயம் நீங்கியதும், அதனைச் சார்ந்த பிற ஐயங்களும் உடன் நீங்குதலைக் கண்டு மகிழ்வார். தாமே முயன்று கற்கும் இப்பழக்கமே அவருடைய பிற்கால வாழ்வுக்கு அடிப்படை ஆயிற்று.

மகனும் சமய குரு ஆதல் வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். பெர்னூலி தந்தையாரிடம் எடுத்துக் கூறி, அவரை இணங்கச் செய்தார். 1727ஆம் ஆண்டில் ஆய்லர் இரஷ்ய நாட்டுப் பீட்டர்ஸ்பர்க் நகர அறிவியற் கழகத்தில் பணி ஏற்றார். 1733இல் கணிதப் பேராசிரியர் ஆனார். அக்கழகத்தைச் சார்ந்த பள்ளி மாணவர்க்காக எண் கணித நூல் ஒன்றும் எழுதினார். கூட்டல், கழித்தல் முதலியவற்றின் விதிகளை நெட்டுருச் செய்தால் மட்டும் போதாது. அவை ஏன் உண்மையாகின்றன என்பதையும் உணர்தல் வேண்டும் என்பதே அந்நூலின் நோக்கம்.

1738ஆம் ஆண்டளவில் அவர் வலக்கண் ஒளி இழந்தது. 1741இல் பெர்லின் சென்று, 25 ஆண்டுகள் அங்கே தொண்டாற்றினார். 1766இல் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் திரும்பிய சிறிது காலத்தில் மற்றைக் கண்ணும் மங்கிப் போயிற்று. எழுதுகோலும் தாளும் இன்றிக் கணித ஆராய்ச்சி நடத்த இயலுமோ என்று பிறர் கவலையுற்றிருப்பர். ஆய்லரோ, நீண்ட கணக்குகளையும் மனத்திலேயே செய்து முடித்து, அருகில் இருப்பவரைக் கொண்டு எழுதுவித்தார்.

அந்நிலையில் அவர் உருவாக்கிய நூல்களுள் ஒன்று, இயற்கணிதம் கற்கத் தொடங்குவோர்க்கு உரிய நூல். அதனை எழுதுவதற்கு அவர் பெரும் புலவர் எவரையும் நாடவில்லை. பெர்லினிலிருந்து தம்முடன் அழைத்து வந்த பணியாள் ஒருவனையே அமர்த்திக்கொண்டார். அவன் முன்பு தையல் தொழில் செய்தவன். சாதாரணக் கணக்கு மட்டும் அறிந்தவன். இயற்கணிதம் இன்னதென்றே அறியாதவன். ஆய்லர் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். எழுதியவாறே பொருளையும் உணர்ந்தான். நாளடைவில், கடினமான இயற்கணிதக் கணக்குகளையும் பிறர் உதவியின்றிச் செய்யும் திறன் பெற்றான். நூலின் தெளிவுக்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுமோ!

அந்நூல் எளிய கருத்துகளில் தொடங்கிப் படிப்படியாக உயர்கின்றது. குறை எண்களை விளக்குமிடத்தில், ஆய்லர் அவற்றைக் கடனுக்கு ஒப்பிடுகின்றார். கைப்பொருள் ஏதுமின்றி 50 காசு கடன்பட்டவன், ஒன்றுமில்லாதவனைவிட 50 காசு குறைந்த நிலையில் இருக்கின்றான். யாரேனும் அவனுக்கு 50 காசு கொடுப்பின், அவன் கடன் தீர்ந்து சுழி நிலையை அடைவான். கையில் பொருள் ஒன்றும் இல்லையாயினும், முன்னிருந்த நிலையினும் அவன் உயர்ந்துவிட்டான் அன்றோ? இவ்வாறு வாழ்க்கையில் கண்ட ஒன்றைக் கொண்டே காணாத ஒன்றை அவர் புலப்படுத்தினார். இந்நூல் 1768, 1769ஆம் ஆண்டுகளில் இரஷ்ய மொழியிலும், 1770இல் செர்மானிய மொழியிலும் வெளிவந்தது. 1774இல் பிரெஞ்சு மொழியிலும் பெயர்க்கப்பட்டது.

1771ஆம் ஆண்டில் நகரில் மூண்ட தீ, ஆய்லரின் இல்லத்தையும் பற்றியது. பீட்டர் கிரிம் என்னும் பாசெல் நகரத்தவர், கண் தெரியாத முதியவரைச் சுமந்து வந்து காப்பாற்றினார். கையெழுத்துப் படிகளுள் பெரும்பாலானவையும் தப்பின. இத்துணை இடர்களுக்கு இடையிலும் ஆய்லரின் பணி நிற்கவில்லை. 1783ஆம் ஆண்டு செப்டம்பர் திங்கள் 18ஆம் நாள் அவர் உலக வாழ்வை நீத்தார். அவர் இயற்றிய நூல்களும் கட்டுரைகளும் 866 எனப் பிற்காலத்தார் வரிசைப்படுத்தியுள்ளனர்.

மாணவர்களே! கணிதம் சிலருக்கே வரும் என்று எண்ணி மனம் சோர்தல் வேண்டா. தையல் ஊசி பிடித்த கையும் இயற்கணிதம் எழுதியது. காரணத்தை நாடி, ஒவ்வொரு படியையும் உணர்ந்து ஏறுபவர்க்கு அக்கலை கைகூடும் என்பதற்கு ஆய்லரின் வாழ்வும், அவர்பால் கற்ற அவ்விளைஞனின் வாழ்வும் சான்றாகும்.