அளவுகோல் தந்தவர்

கல்லூரி ஆண்டு விழாக்களில் மாணவர்கள் ஆவலோடு எதிர்நோக்குவது பரிசளிப்பு நிகழ்ச்சியையே. தேர்வில் முதன்மை பெற்றவருக்குப் பதக்கம் அணிவித்தல் பழைய மரபு. படிப்போடு தலைமைப் பண்பு, வளாகப் பணி, மக்கள் தொண்டு ஆகியவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து ஒரு மாணவரைச் சிறப்பிக்கும் மரபு பின்னர் வலுப்பெற்றது. இம்மரபிற்கு உலகளாவிய புகழைத் தேடித் தந்தவற்றுள் தலையாயது ரோட்ஸ் உதவித்தொகையாகும். அதனை நிறுவிய செசில் ரோட்ஸின் வாழ்க்கை, பரிசு பெறுவோரும் பரிசு வழங்குவோரும் ஒருங்கே எண்ணிப் பார்க்கத்தக்க வாழ்க்கையாகும்.

இங்கிலாந்தில் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு என்னும் சிற்றூரில் 1853ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 5ஆம் நாள் ரோட்ஸ் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தேவாலயக் குருவானவர். உடல் நலிவுற்றிருந்த ரோட்ஸ், 1870இல், தம் 17ஆம் வயதில், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் பருத்தி பயிரிட்டு வந்த தமையனாரிடம் அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டே இருவரும் வைரம் தேடிக் கிம்பர்லி சென்றனர்.

பொருள் குவியத் தொடங்கிய காலத்திலும் கல்வி வேட்கை அவரை விடவில்லை. 1873இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஓரியல் கல்லூரியில் சேர்ந்தார். சுரங்கத்திற்கும் வகுப்பறைக்கும் இடையே கடல் கடந்து அலைந்து, 1881இல்தான் பட்டம் பெற்றார். அதுவும் சிறப்பு நிலையிலன்று, சாதாரணத் தேர்ச்சியே. எனினும், ஆக்ஸ்போர்டில் பல நாட்டு இளைஞர் ஒன்றாக உண்டு, உறைந்து, வாதிட்டுப் பழகும் வாழ்க்கை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் எழுதிய உயிலுக்கு அவ்வனுபவமே வித்திட்டது எனலாம்.

1888இல் டி பீர்ஸ் ஒருங்கிணைந்த சுரங்க நிறுவனத்தை உருவாக்கினார். வைரத் தொழில் அவர் கைக்குள் வந்தது. அச்சுரங்கங்களில் உழைத்த ஆப்பிரிக்கர்கள் ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே செல்லவியலாத அடைப்பு வளாகங்களில் வைக்கப்பட்டனர். 1890இல் கேப் குடியேற்றத்தின் பிரதமரானார் ரோட்ஸ். அவர் ஆட்சியில் 1892இல் வந்த சட்டம், வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியை 25 பவுனிலிருந்து 75 பவுனாக உயர்த்தியது. ஏழை ஆப்பிரிக்கர் பலர் வாக்கிழந்தனர். 1894இல் வந்த கிளென் கிரே சட்டம் அவர்தம் நில உடைமையைச் சுருக்கி, வெளியே கூலி வேலைக்குச் செல்லாத ஆடவர்மீது 10 ஷில்லிங் வரி விதித்தது. லிம்போபோ ஆற்றுக்கு வடக்கே, 1889இல் அரச பட்டயம் பெற்ற அவரது நிறுவனத்தின் படை 1893இல் மன்னர் லோபெங்குலாவின் நாட்டைக் கைப்பற்றியது. அந்நிலப்பகுதிக்கு ரொடீசியா என்று ரோட்ஸின் பெயரே சூட்டப்பட்டது.

ஏற்றத்திற்கு இணையாக இறக்கமும் வந்தது. 1895இன் இறுதியில், அவர் நண்பர் ஜேம்சன், டிரான்ஸ்வால் நாட்டிற்குள் படையோடு புகுந்து தோற்றுச் சரணடைந்தார். அதற்கு உடந்தையாயிருந்த ரோட்ஸ், 1896 சனவரியில் பிரதமர் பதவியைத் துறக்க நேர்ந்தது. 1902ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள், 48ஆம் வயதில், கேப் டவுனை அடுத்த மியூசன்பர்க்கில் காலமானார்.

மறைவுக்குப் பின் அவர் உயில் உலகின் கவனத்தை ஈர்த்தது. குடியேற்ற நாடுகள், அமெரிக்கா, செருமனி ஆகியவற்றின் இளைஞர்கள் ஆக்ஸ்போர்டில் பயிலத் தம் செல்வத்தை அதில் ஒதுக்கியிருந்தார். பிரித்தானியப் பேரரசை வலுப்படுத்துவதே அவர் நோக்கம். ஆயினும் மாணவரைத் தேர்ந்தெடுக்க அவர் வகுத்த முறை புதுமையானது. வெறும் புத்தகப் புழுக்களை அவர் விரும்பவில்லை. கல்வித் திறத்திற்குப் பத்தில் மூன்று பங்கு; விளையாட்டிற்கு இரண்டு; வாய்மை, துணிவு, கடமையுணர்வு, எளியோரைக் காத்தல் ஆகிய பண்புகளுக்கு மூன்று; ஒழுக்க வலிமைக்கும் தலைமை நாட்டத்திற்கும் இரண்டு எனப் பகுத்தார். விளையாட்டையும் பண்பையும் உடன் பயிலும் மாணவரே வாக்களித்து மதிப்பிடவேண்டும் என்று கருதியது ஈண்டு நோக்கத்தக்கது. அருகிருந்து பழகியவருக்கன்றோ ஒருவரது குணம் தெரியும்!

எளியோரைக் காத்தலைத் தகுதியாக வைத்தவர், தம் ஆட்சியில் எளியோரின் வாக்கையும் நிலத்தையும் பறித்தார் என்பதை வரலாறு மறைக்கவில்லை. அவர் தந்த அளவுகோலால் அவரையே அளந்தால், அவர் தேறுவது அரிது.

உயிலில் மற்றொரு விதியும் இருந்தது. இனத்தாலோ சமய நம்பிக்கையாலோ எவரும் தகுதி பெறவும் இழக்கவும் கூடாது என்பது அது. அக்காலத்தில் அவ்விதி ஆங்கிலேயரையும் போயர்களையும் மனத்தில் கொண்டே எழுதப்பட்டதாகப் பலர் கருதுவர். எழுத்து, எழுதியவரைக் கடந்து சென்றது. 1907இல் அலைன் லாக் என்னும் அமெரிக்கக் கறுப்பின இளைஞர் தேர்வு பெற்றார். அமெரிக்கத் தென்மாநில மாணவர் சிலர் எதிர்த்தனர்; ஆக்ஸ்போர்டின் கல்லூரிகள் சில அவருக்கு இடம் மறுத்தன; அறக்கட்டளையோ தேர்வை மாற்றவில்லை. ஹெர்ட்ஃபோர்டு கல்லூரி அவரை ஏற்றது. பின்னாளில் அவர் புகழ்பெற்ற தத்துவப் பேராசிரியராக விளங்கினார். எனினும், அமெரிக்காவிலிருந்து அடுத்த கறுப்பின மாணவர் செல்ல 1960கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களுக்கு 1977இல்தான் கதவு திறந்தது. இந்தியருக்கு 1947 முதல் வாய்ப்புக் கிடைத்தது. நாடக ஆசிரியர் கிரீஷ் கர்நாட் அவ்வாறு சென்றவருள் ஒருவர்.

ரொடீசியா என்ற பெயர் 1980இல் சிம்பாப்வே என மாறியது. 2002இல் நெல்சன் மண்டேலாவின் பெயரை ரோட்ஸின் பெயரோடு இணைத்து, ஆப்பிரிக்க இளைஞருக்கான அறநிறுவனம் ஒன்று தோன்றியது. 2015 ஏப்ரல் 9ஆம் நாள், மாணவர் போராட்டத்தின் விளைவாகக் கேப் டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து ரோட்ஸின் சிலை அகற்றப்பட்டது. உதவித்தொகையோ தொடர்ந்தது.

பரிசின் பெயர் ஒருவருடையதாக இருக்கலாம். அதன் பொருளை நிரப்புவோர் அதனைப் பெறும் மாணவரே. கேடயம் பெறும் மாணவச் செல்வங்கள் அதனை வீட்டு அலமாரியில் வைக்கும்போது ஒரு கேள்வியையும் உடன் வைத்துக்கொள்வார்களாக. பக்கத்து இருக்கையில் அமர்ந்து நம்மோடு பயின்றவர், நம்மைவிட எளியவர், நமக்கு எத்தனை மதிப்பெண் இடுவார்? பொன்னும் பதவியும் அந்த மதிப்பெண்ணை வாங்கித் தருவதில்லை என்பதே ரோட்ஸின் வாழ்க்கை நமக்கு விட்டுச் சென்ற பாடம்.