தோற்றுப் போய்த் திரும்பி வந்த ஜிம் கார்பெட்

இந்தியாவின் தென்கோடியில் வாழும் நமக்கு, வடகோடியில் உள்ள கேதார்நாத்தும் பத்ரிநாத்தும் பெயரளவிலாவது பழக்கமானவை. குமரியில் நீராடி, காசி சென்று, அங்கிருந்து அந்த மலைக் கோயில்களுக்குக் கால்நடையாகப் போய் வந்த முன்னோர்களைப் பற்றி நாஞ்சில் நாட்டுப் பெரியவர்கள் பலர் கதை சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த யாத்திரைப் பாதையில், 1918 முதல் 1926 வரை எட்டு ஆண்டுகள், பொழுது சாய்ந்தபின் எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை. காரணம் ஒரே ஒரு சிறுத்தை. அதைச் சுட்டு வீழ்த்தியவர் ஜிம் கார்பெட் என்பதை நம்மில் பலர் நூலகப் புத்தகங்களில் படித்திருப்போம். ஆனால் அவர் முதல் முறை அங்கே போனபோது வாரக்கணக்கில் அலைந்து, வெறுங்கையோடு வீடு திரும்பினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வெற்றிக் கதைகளே பெரும்பாலும் அச்சேறுகின்றன. நாம் இங்கே அந்தத் தோல்வியையும், அதிலிருந்து அவர் எழுந்து வந்த விதத்தையும் சற்று விரிவாகச் சொல்ல முற்படுகிறோம்.

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிடாலில் பிறந்தார். தந்தை அவ்வூரின் அஞ்சலகத் தலைவர். ஜிம்முக்கு ஆறு வயது நிறையுமுன் அவர் காலமானார். பெரிய குடும்பத்தின் பாரம் முழுவதும் தாய் மேரி ஜேன் தலையில் விழுந்தது. அந்த அம்மையார் கலங்காமல் பிள்ளைகளை ஆளாக்கினார். குளிர்காலத்தில் அவர்கள் மலையடிவாரத்தில் உள்ள காலாடுங்கிக்கு இறங்கி வருவார்கள். வீட்டைச் சுற்றிலும் காடு. பறவையின் குரலைக் கேட்டே அது எதைக் கண்டு அஞ்சுகிறது என்று சொல்லவும், புழுதியில் பதிந்த காலடியைக் கண்டே விலங்கின் வயதையும் வேகத்தையும் கணிக்கவும் சிறுவன் ஜிம் அங்கேதான் கற்றான்.

குடும்பத்துக்கு உதவும் பொருட்டு, பதின்ம வயது முடியுமுன்னரே ரயில்வே வேலையில் சேர்ந்தார். பின்னர் பீகாரில் கங்கைக் கரையிலுள்ள மொகாமே காட் என்னும் இடத்தில், சரக்குகளை ஒரு ரயிலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி ஏற்றும் குத்தகையை எடுத்து, 20 ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தார். முதல் மாதங்களில் அந்த வேலை முடங்கிப் போகும் நிலை வந்தது. கூலி கொடுக்கப் பணம் இல்லை. அவரும் தொழிலாளருடன் சேர்ந்து மூட்டை தூக்கினார். அவர்களும் அவரை விட்டுப் போகவில்லை.

பள்ளி மாணவியராகிய நமக்கு மொகாமே காட்டில் மிகவும் பிடித்தது வேறொரு செய்தி. நிலைய அதிகாரி ராம் சரணும் கார்பெட்டும் சேர்ந்து தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். உயர்ந்த சாதி, தாழ்ந்த சாதி என்ற பேதத்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கட்டடத்துக்குள் உட்காரக் கூடாது என்று தகராறு வந்தது. இருவரும் யோசித்து, பள்ளியின் சுவர்களை எடுத்துவிட்டார்கள். கூரை மட்டும் நின்றது. சுவரில்லாத இடம் கட்டடம் ஆகாதல்லவா! பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து படித்தார்கள். நம் ஊர்ப் பக்கத்தின் பழைய வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்த யுக்தியின் அருமை நன்கு விளங்கும்.

வேட்டைக்காரர் என்ற பெயர் அவருக்கு 1907-ல் வந்தது. நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியைக் கொல்லுமாறு அரசு அவரைக் கேட்டுக்கொண்டது. புலிக்கு விதித்த பரிசுத் தொகையை ரத்துச் செய்ய வேண்டும், கூலிக்கு வேட்டையாடுவோரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை விதித்துவிட்டே அவர் புறப்பட்டார். பணத்துக்காகக் கொல்பவர் என்ற பெயர் தமக்கு வரக்கூடாது என்பது அவர் எண்ணம். அந்த வேட்டையில் நாம் மறக்க முடியாதவர் ஒரு கிராமத்துப் பெண். ஓராண்டுக்கு முன் அவருடைய சகோதரியைப் புலி தூக்கிச் சென்றபோது, கையில் அரிவாளுடன், தன்னை எடுத்துக்கொண்டு அவளை விட்டுவிடும்படி கதறிக்கொண்டே புலியின் பின்னால் ஓடியவர் அவர். புலி திரும்பிப் பாய்ந்த அதிர்ச்சியில் அவருக்குப் பேச்சு நின்றுபோயிற்று. புலி கொல்லப்பட்டபின் கார்பெட் அதன் தோலை அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதைக் கண்டதும் அவர் ஊராரைக் கூவி அழைத்தார். போன பேச்சு வந்துவிட்டது.

இனி ருத்ரபிரயாகைக்கு வருவோம். அளகநந்தா, மந்தாகினி என்னும் இரு ஆறுகள் கலக்கும் ஊர் அது. 1918-ல் உலகையே உலுக்கிய விஷக் காய்ச்சல் அந்த மலைகளிலும் பரவியது. இறந்தவர்களை முறைப்படி எரிக்க ஆளும் இல்லை, விறகும் இல்லை. பிணத்தின் வாயில் ஒரு நெருப்புத் துண்டை வைத்துப் பள்ளத்தாக்கில் தள்ளிவிட்டார்கள். அந்தச் சடலங்களைத் தின்று பழகிய சிறுத்தை, நோய் தணிந்தபின் உயிருள்ள மனிதர்களைத் தேடத் தொடங்கியது என்பதே கார்பெட்டின் முடிவு. கணக்கில் வந்த பலி 125 பேர். கதவைத் தள்ளித் திறந்து வந்தது. பலர் படுத்திருந்த இடத்தில் ஒருவரை மட்டும் ஓசையின்றி எடுத்துச் சென்றது. 1921-ல் இரண்டு இளம் ராணுவ அதிகாரிகள் தொங்கு பாலத்தின் மீது காத்திருந்து சுட்டதில் அதன் பின்னங்கால் ஒன்றில் காயம் பட்டதே தவிர, அது தப்பிவிட்டது. அதே ஆண்டில் ஒரு குகைக்குள் அடைபட்டும் வெளியேறி ஓடிவிட்டது. பத்தாயிரம் ரூபாயும் இரண்டு கிராமங்களும் பரிசு என்று அரசு அறிவித்திருந்தது. இங்கிலாந்து நாட்டுப் பத்திரிகைகள் வரை அதன் பெயர் எட்டியது.

1925-ல் நைனிடாலில் ஒரு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தச் சிறுத்தையைப் பற்றிய உறுதியான செய்தி கார்பெட்டின் காதில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 50. ஏற்கெனவே ஆட்கொல்லிகள் பலவற்றை வென்றவர். இதையும் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு அவர் புறப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் நடந்தது வேறு. ஆட்டைக் கட்டி வைத்துக் காத்திருந்தார். பயனில்லை. சிறுத்தை ஆற்றைக் கடக்கப் பாலத்தையே நாட வேண்டும் என்று கணக்கிட்டு, பாலத்தின் தூண் உச்சியில் 20 இரவுகள் உட்கார்ந்திருந்தார். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத சிறு மேடை. கீழே இரையும் ஆறு. எலும்பைத் துளைக்கும் குளிர்காற்று. அந்த 20 இரவுகளிலும் பாலத்தைக் கடந்தது ஒரு நரி மட்டுமே! மாவட்ட அதிகாரி இபட்சன் உதவியுடன் 80 பவுண்டு எடையுள்ள இரும்புப் பொறி வைக்கப்பட்டது. சிறுத்தையும் அதில் மாட்டியது. ஆனால் பொறியின் பல் உடைந்திருந்த இடத்தில் அதன் கால் அகப்பட்டதால், சிறிது தோலையும் முடியையும் விட்டுவிட்டு நழுவிவிட்டது. பகல் முழுவதும் மலையேற்றம், இரவு முழுவதும் கண்விழிப்பு. சில இரவுகளில் அவர் சிறுத்தையைத் தேடியதுபோலவே சிறுத்தையும் அவரைத் தேடி, அவர் நடந்த வழியே பின்தொடர்ந்து வந்ததை மறுநாள் காலடித் தடங்கள் காட்டின.

உடல் தளர்ந்தது. அதைவிட, புலன்களின் கூர்மை மழுங்கத் தொடங்கியதை அவரே உணர்ந்தார். காட்டில் கண்ணும் காதும் ஒரு நொடி தவறினாலும் உயிர் போய்விடும். ஆகவே அவர் திரும்பிப் போக முடிவு செய்தார். பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. வெற்றி பெறும்வரை போனவர் இருந்திருக்க வேண்டாமா என்று தூரத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். அந்த மலை மக்கள் கேட்கவில்லை. திரும்பி வருவேன் என்று அவர் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். அந்த மாதங்களிலும் உயிர்ப்பலி நிற்கவில்லை என்பதை நினைத்தால், அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பது நமக்குப் புரிகிறது. இருந்தும் அவர் ஓய்வெடுத்தது சரியே என்பது நம் கருத்து. களைத்துப்போன காவலாளியால் யாருக்குப் பயன்?

1926 இளவேனிலில், சொன்ன சொல் தவறாமல் மீண்டும் வந்தார். இரண்டாம் முறையும் எடுத்த எடுப்பில் வெற்றி கிட்டிவிடவில்லை. விஷம் வைத்துப் பார்த்தார்கள். சிறுத்தை விஷத்தைத் தின்று ஒரு குகைக்குள் நுழைந்தது. குகை வாயிலை அடைத்துப் பல நாள் காவல் காத்தும் அது சாகவில்லை, எப்படியோ வெளியேறியிருந்தது. பிறகுதான் கார்பெட் பொறி, விஷம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சிறுவயதில் காலாடுங்கிக் காட்டில் கற்ற பாடத்துக்குத் திரும்பினார். கோலாப்ராய் என்னும் யாத்திரிகர் தங்குமிடத்தின் அருகே செல்லும் பாதையில், ஏறக்குறைய ஐந்து நாளைக்கு ஒருமுறை அந்தச் சிறுத்தை நடந்து போகிறது என்பதைத் தடங்களிலிருந்து கண்டுபிடித்தார். அந்தத் தங்குமிடத்தை நடத்திய பண்டிதர், முன்னொரு சமயம் இதே சிறுத்தையின் வாயில் கழுத்தைக் கொடுத்து உயிர் பிழைத்தவர். பாதையோரம் ஒரு மாமரம் நின்றது. அதில் பரண் கட்டி, கீழே கழுத்தில் மணி கட்டிய ஓர் ஆட்டை நிறுத்தினார்.

பத்து இரவுகள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் இரவு, மே முதல் தேதி. தங்குமிடத்தில் 150 யாத்திரிகர் வரை வந்து இறங்கியிருந்தனர். வெளியே திறந்த வெளியில் படுக்க வேண்டாம் என்று அவர்களை எச்சரித்துவிட்டு மரத்தில் ஏறினார். அருகில் முகாமிட்டிருந்த ஆட்டு மந்தைக்காரரின் நாய்கள் குரைத்தன. பின்னர் அமைதி. திடீரென ஆட்டின் மணி ஒலித்தது. துப்பாக்கியில் பொருத்திய மின்விளக்கை அழுத்தினார். வெளிச்சத்தில் சிறுத்தையின் தோள் தெரிந்தது. சுட்டார். சுட்டதுமே விளக்கு அணைந்து போயிற்று! குண்டு பட்டதா, இல்லையா என்று தெரியாமலே விடியும்வரை அந்த இருட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். பல மாதத் தோல்விகளுக்குப் பின் அந்தச் சில மணி நேரம் எப்படிக் கழிந்திருக்கும்!

விடிந்து பார்த்தபோது, சற்றுத் தூரத்தில் ஒரு குழிக்குள் சிறுத்தை இறந்து கிடந்தது. முகத்தில் நரை விழுந்த கிழட்டு ஆண் சிறுத்தை. ஆடு ஒரு காயமும் இல்லாமல் நின்றது. செய்தி பரவியதும் மலைக் கிராமங்களிலிருந்து ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகத் திரண்டு வந்து, அவர் காலடியில் பூக்களைத் தூவினார்கள். நம் தோவாளைச் சந்தையில் கூடை கூடையாகக் குவியும் கேந்திப் பூவும் ரோஜா இதழ்களுந்தான். அத்தனை கொண்டாட்டத்துக்கு நடுவிலும் கார்பெட்டுக்கு அந்த விலங்கின் மேல் வெறுப்பு வரவில்லை. அது மனிதனின் சட்டத்தை மீறியதே அன்றி இயற்கையின் சட்டத்தை மீறவில்லை என்று கருதினார்.

அந்தக் காலத்தில்தான் அவர் கையில் துப்பாக்கியின் இடத்தைக் கேமரா பிடித்துக்கொள்ளத் தொடங்கியது. ஓடை நீரில் சிறு சிறு அணைகள் கட்டி, நீர் விழும் ஓசையில் கேமராவின் இரைச்சலை மறைத்து, ஏழு புலிகளைப் படமெடுத்தார். வைஸ்ராய்களின் வேட்டைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவரும் அவரே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாவோனில் அமைந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. பிற்காலத்தில் அப்பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. குமாவோன் ஆட்கொல்லிகள் பற்றிய அவருடைய நூல் 1944-ல் வெளிவந்தது. அதன் முதல் பதிப்பின் வருமானத்தைப் போரில் பார்வை இழந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டார். சோட்டி ஹல்துவானி கிராமத்தில் தமக்கிருந்த நிலத்தைக் குடியானவர்களுக்கே விட்டுக்கொடுத்தார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கை மேகியே வாழ்நாள் முழுவதும் துணை. 1947 இறுதியில் இருவரும் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் நியேரிக்குக் குடிபெயர்ந்தார்கள். நம் பள்ளிச் சாரணியருக்கு அந்த ஊரின் பெயர் தெரிந்திருக்கும். சாரணர் இயக்கத்தின் தந்தை பேடன் பவல் 1941-ல் காலமானது அங்கேதான். அவர் வாழ்ந்த அதே சிறு வீட்டில்தான் அக்காளும் தம்பியும் வசித்தார்கள். 1952 பிப்ரவரியில், ட்ரீ டாப்ஸ் என்னும் மர வீட்டில் இளவரசி எலிசபெத் விலங்குகளைக் காணத் தங்கிய இரவில் கார்பெட்டும் உடனிருந்தார். மறுநாள் அவர் அரசியாக அந்த ஊரை விட்டுச் சென்றார்.

1955 ஏப்ரல் 19 அன்று கார்பெட் மறைந்தார். பேடன் பவல் உறங்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார். மேகி அம்மையார் மேலும் சில ஆண்டுகள் கென்யாவிலேயே வாழ்ந்தார். கோலாப்ராயில், அந்த மாமரம் இருந்த இடத்தில், 1926 மே 2 என்ற தேதியோடு ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. பத்ரிநாத் போகும் பாதை அதை ஒட்டியே செல்கிறது.