திறந்த கதவு

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தையார் நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் தோன்றியவர். பருவம் எய்திய பெண்களின் படிப்பு நின்றுவிடும் காலம் அது. முத்துலட்சுமியோ வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேர்வில் தேர்ச்சி பெற்றார்.

மன்னரின் ஆணை

அடுத்து அவர் நாடியது ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியை. ஒரு பெண் உடன் அமர்ந்தால் மாணவரின் ஒழுக்கம் கெடும் என எதிர்ப்பு எழுந்தது; அவரது பிறப்பும் இழித்துப் பேசப்பட்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் புறந்தள்ளி, அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார்.

பெரியோர் ஒருவரின் சொல்லால் கிடைத்த இடம் அறவழிப்பட்டதாகுமா? தகுதியுடைய ஒருவரை விலக்கிவிட்டு வேண்டியவரை அமர்த்துவது பரிந்துரை; அது பிறர் உரிமையைக் கவர்வதாகும். தகுதியிருந்தும் பெண் என்பதாலேயே மறுக்கப்பட்டவருக்கு வழிவிடச் செய்வது நீதி. மன்னரின் ஆணை இரண்டாம் வகையைச் சார்ந்தது. எனினும், மன்னர் வரை செல்லும் வாய்ப்பு எல்லாப் பெண்களுக்கும் இருந்ததில்லை. அவர்களுக்காகப் பேச எவரும் இல்லை.

தகுதியின் சான்று

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, பதக்கங்களும் பரிசுகளும் பெற்று 1912இல் மருத்துவரானார். கல்லூரியின் வாயிலைத் திறக்க அரசாணை உதவலாம். தேர்வுத்தாளை எழுத அது உதவாது. தமக்குக் கிடைத்த இடத்திற்குத் தாம் உரியவரே என்பதை அவர் உழைப்பால் மெய்ப்பித்தார். 1914இல் மருத்துவர் சுந்தரரெட்டியை மணந்தார்.

பிறருக்குத் திறந்த கதவு

1927ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கு ஓயாது போராடினார். அம்முறையிலிருந்து விடுபட விரும்பிய சிறுமியர் சிலர் அடைக்கலம் தேடி வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. தமக்கு ஒருகாலத்தில் நேர்ந்த மறுப்பே இச்சிறுமியரையும் வாட்டுவதை அவர் கண்டார்.

தமக்கிருந்த செல்வாக்கினால் அச்சிறுமியருக்கு மட்டும் எங்கேனும் இடம் பெற்றுத் தந்திருத்தல் கூடும். அவரோ அவ்வளவில் நிறைவுறாமல், கைவிடப்பட்ட பெண்கள் எவரும் தங்கிக் கற்பதற்குரிய அவ்வை இல்லத்தைத் தோற்றுவித்தார். அங்கு நுழைவதற்குக் குலமோ, அறிமுகமோ, பரிந்துரையோ தேவைப்படவில்லை. ஆதரவற்ற நிலையே போதுமானதாக இருந்தது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் உருவாக வித்தானது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968ஆம் ஆண்டு மறைந்தார்.

தமக்கெனத் திறக்கப்பட்ட கதவைத் தமக்குப்பின் மூடிக்கொள்வோர் உலகில் பலர். அதனைப் பிறருக்கும் திறந்து வைத்தமையே முத்துலட்சுமியின் பெருமை.