தட்சணைப் பணம் யாருடையது? ஜோதிராவ் பூலே கேட்ட கணக்கு

பேஷ்வாக்களின் பூனாவில் ஆண்டுதோறும் பார்ப்பனப் பண்டிதர்களுக்குத் தட்சணையாக லட்சக்கணக்கான ரூபாய் வழங்கப்பட்டது. அது உழுதவர்கள் கட்டிய வரி. 1818இல் அவ்வாட்சி வீழ்ந்த பின்னரும் ஆங்கிலேயர் அந்நிதியை ஒழித்துவிடவில்லை. குறைத்து, ஒரு பகுதியைக் கல்விக்கும் நூல் பரிசுகளுக்கும் திருப்பினர். 1827இல் மாலி சாதியில் பிறந்த ஜோதிராவ் பூலேயை நாம் பள்ளி திறந்தவராகவே நினைவுகூர்கிறோம். பள்ளிக்குரிய பணம் எங்கே போகிறது என்று ஆயுள் முழுதும் கணக்குக் கேட்டவர் அவர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

1848இல் அவர் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டே சாவித்திரிபாயுடன் தந்தை வீட்டிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. தட்சணை நிதியில் ஒரு பங்கை மராத்தி நூல்களுக்கு ஒதுக்குமாறு சீர்திருத்தக்காரர்கள் மனுக் கொடுத்ததும் 1849இல்தான். வைதீகர்கள் மிரட்டியபோது, மனுதாரர்களுக்குக் காவலாக ஒடுக்கப்பட்ட சாதியினரைத் திரட்டிச் சென்றார் ஜோதிராவ். பின்னர் மகார், மாங்குப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் எழுந்தன. சாவித்திரிபாய் ஊதியமின்றிக் கற்பித்தார். நன்கொடைகளால் தள்ளாடிய அம்முயற்சிக்கு அதே தட்சணை நிதியிலிருந்து மாதம் 75 ரூபாய் கிடைத்தது. நிதியின் மொத்தத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு துளி.

1855இல் அவர் எழுதிய 'திருதிய ரத்னா' நாடகம் பரிசுக்குச் சென்றது. புரோகிதரிடம் ஏமாறும் உழவர் இணை, முடிவில் இரவுப்பள்ளிக்குப் போவதே அதன் கதை. தட்சணைப் பரிசுக் குழு அதை நிராகரித்தது. குழுவில் இருந்த பார்ப்பனர்களே காரணம் என்று பின்னாளில் அவர் எழுதினார்.

1876 முதல் பூனா நகராட்சியில் உறுப்பினராக இருந்தபோதும் அவர் விடவில்லை. 1880இல் வைஸ்ராய் லிட்டன் வருகைக்காக நகரை அலங்கரிக்க ஆயிரம் ரூபாய் செலவிடும் தீர்மானம் வந்தது. ஏழைகளின் கல்விக்கு அப்பணத்தைக் கொடுங்கள் என்று வாதாடிய ஜோதிராவ் தனியாளாக எதிர்த்து வாக்களித்தார். தீர்மானம் நிறைவேறியது. (பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கும் நோட்டுப் புத்தகம் இன்று 'இலவசம்' என்று பழிக்கப்படுகிறது, வரவேற்பு வளைவுகளை யாரும் அப்படிச் சொல்வதில்லை.)

1882 அக்டோபரில் ஹண்டர் கல்வி ஆணையத்திடம் அளித்த மனுவில் முழுக் கணக்கையும் அவர் வைத்தார். அரசின் வருவாய் உழைப்பவர்களின் வியர்வையிலிருந்து வருகிறது. செலவோ மேட்டுக்குடியின் உயர்கல்விக்குப் போகிறது. பன்னிரண்டு வயதுவரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றார். பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு 12 ரூபாய்க்குக் குறையாத சம்பளமும், பெரிய ஊர்களில் அதற்கு மேலும் கேட்டார். உழவர் குடும்பங்களிலிருந்து ஆசிரியர்கள் வரவேண்டும். பாடநூல்கள் திருத்தப்பட வேண்டும். வேளாண்மையும் சுகாதாரமும் பாடமாக வேண்டும். உதவித்தொகையும் பரிசுகளும் தாராளமாக்கப்பட வேண்டும். தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் முறை வறியவர்களுக்குப் பொருந்தாது என்றும் எழுதினார். கையில் ஏதுமில்லாத பிள்ளையின் தேர்ச்சியைப் பொறுத்தே அவன் பள்ளிக்குப் பணம் என்றால், அப்பள்ளி எப்படி நிற்கும்?

மேல்சாதிப் பிள்ளைகளின் அருகே உட்கார மகார், மாங்குப் பிள்ளைகளுக்கு அனுமதியில்லை என்பதையும் அவர் பதிவு செய்தார். அவர்களுக்கான அரசுப் பள்ளிகள் பெருநகரங்களில் மட்டுமே இருந்தன. பூனாவில் அம்மக்கள் ஐயாயிரத்துக்கும் மேல்; பள்ளி ஒன்று; வரும் மாணவர்கள் முப்பதுக்கும் குறைவு.

ஆணையம் கட்டாயக் கல்வியைப் பரிந்துரைக்கவில்லை. 1890இல் ஜோதிராவ் மறைந்தார். விரும்பும் நகராட்சிகள் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கிக்கொள்ளலாம் என்ற சட்டம் பம்பாய் மாகாணத்தில் வர 1918 ஆயிற்று.